ஏழாவது கஞ்சி

வேங்கிக்கால்,
18-2-1993

அருமை மகள் அனுபமாவுக்கு அப்பா எழுதுவது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க அருகதேவன் அருள் புரியட்டும்.

அம்மா தேறி வருகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பாதிப் பொய். மீதியைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபரேஷன் ஆகி ஐம்பது நாளாகிறது. முக்கால் வயிற்றை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற வயிற்றுக்குக் கால் டம்ளர் கஞ்சிதான், இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு ஏழு தடவை, குடித்ததும் படுக்கவிடக் கூடாது என்று சந்திரகலா சிஸ்டர் என்னை நிற்கவைத்துப் பாடம் நடத்தித்தான் வீட்டுக்கு அனுப்பினார். அவளுக்கு இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்துகிறேன். வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் என்று கிண்டல் செய்வாயே, இப்போது நொய்க்கஞ்சியைக் கட்டிதட்டாமல் காய்ச்சுகிறேனம்மா.

தொல்லை ஏழாவது கஞ்சியில்தான். அது ஆறரை மணிக்கு வரும். முன்னாலேயே கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுகிறாள். உன் அம்மாவோ பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள். நம் ஜைனக் குடும்பங்களில் எல்லோருக்கும் உள்ள விரதம்தான். நான் ஆபீசில் ஆறு மணி டீ பழகிக் கெட்டுப்போனவன், அவள் ஒருநாளும் விட்டதில்லை.

அதனால் ஒரு பொய் சொன்னேன். கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னலில் மலைதான் தெரியும். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதைச் சாக்காக வைத்து, மலைதான் மறைக்குது ஜெயந்தி, அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில இன்னும் வெயில் அடிக்குதுன்னு சொல்லித் தினமும் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தாள். ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. முட்டாள்!

திங்கட்கிழமை செக்கப்பில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். புற்று கல்லீரலுக்கும் பரவிவிட்டதாம். சித்திரையைத் தாண்டினால் பெரிசு என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாள். நல்லா தேறிட்டு வரியாம்னு சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. வாசல் வழியா எதிர்வீட்டுல விளக்கு போடறது தினமும் தெரியுதுங்க, நீங்க அடுப்படியில நின்னு கஷ்டப்படறீங்களேன்னுதான் குடிச்சேன், தேறுவேன்னா விரதம் போனா போவுதுன்னு இருந்தேன், இனிமே எதுக்குங்க, இருக்கிற நாளை விரதத்தோடயே இருந்துட்டுப் போறேன் என்றாள். டாக்டர் சொன்னதையும் என் முகத்தில் படித்துவிட்டிருக்கிறாள்.

அந்தக் கஞ்சியை அடுப்படியில் நின்று நானே குடித்தேன், அனு. அழுதுகொண்டே குடித்தேன். உப்புப் போடவே மறந்திருக்கிறேன். இப்படி எத்தனை நாள் மறந்தேனோ, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

தந்தி அடித்தால் நீ பதறிவிடுவாய் என்றுதான் கடிதம் போடுகிறேன். குழந்தைக்குப் பரீட்சை என்று பார்க்காதே. மாப்பிள்ளையிடம் நான் கைகூப்பிக் கேட்டதாகச் சொல். உன்னைக் கூப்பிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஆனால் கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

எந்த வண்டியில் வந்தாலும் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரும்படி பார்த்துக்கொள். உன் கையால் கொடுத்தால் ஒரு வாய் கூடக் குடிப்பாள். இருட்டிய பிறகு நீ கொடுத்தாலும் வாங்கமாட்டாள். மலைதான் மறைக்குதுன்னு இனி என்னால் சொல்ல முடியாது.

நீ நன்றாயிரும்மா. சீக்கிரம் வா.

வழி பார்த்திருக்கும் அப்பா,
குணபாலன்