குப்பைக்கூடையில் போட்ட பத்தி

நேற்று மில்லர்புரத்திலிருந்து உன் மகள் வந்திருந்தாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இப்போதுதான் உன் புத்தகங்களை ஒதுக்குகிறாளாம். ஒன்றுக்குள் இருந்ததென்று, மூன்று விரல் அகலக் காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். எழுத்து உன்னுடையது. கத்தரித்தது நான்.

எழுபதுகளின் கடைசி அது. முத்துச் சிப்பி ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் ஒரே மேசை. மரபணுவைப் படியெடுத்த தூது ஆர்.என்.ஏ.வில் நடுநடுவே சில பகுதிகள் கழற்றப்பட்டு, மிச்சம் ஒட்டப்படுகிறது என்ற செய்தி, கப்பல் தபாலில் தாமதமாக வந்த இதழ் ஒன்றில் நமக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து நீ வாய் மூடவில்லை. தசைக்கு ஒரு விதமாகவும் சவ்வுக்கு வேறு விதமாகவும் ஒட்டினால், ஒரே மரபணுவிலிருந்து இரண்டு புரதம் வருமே என்றாய்.

நம் சிப்பியிலும் அப்படி ஒன்று தென்பட்டது. ஒரே புரதம்தான், ஆனால் தசையில் நீளம், சிப்பியின் ஓட்டோடு ஒட்டிய சவ்வில் குட்டை. புரதங்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கோடு ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் நம்பவில்லை. மீன்பிடித் துறையிலிருந்து சாக்குச் சுற்றி சைக்கிளில் வரும் ஐஸ், நம்மிடம் சேர்வதற்குள் பாதி தண்ணீராகிவிடும். எது ஒத்துவராவிட்டாலும் "ஐஸ் சரியில்லை" என்று எழுதிவிடுவது நம் கூடத்து வழக்கம். குளிர் போதாமல் புரதம் சிதைந்துதான் குட்டையாகியிருக்கும் என்று நானும் அதையே சொன்னேன்.

"ஏளா, ரெண்டும் ஒரே பெட்டி ஐஸ்லதான இருந்துச்சு? ஒண்ணு மட்டும் எப்படிளா கெடும்?" என்றாய்.

"நம்ம மொதக் கட்டுரைளா. எல்லாரும் சிரிப்பாங்க" என்றேன்.

பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த இரண்டு கோட்டைப் பற்றி நீ எழுதியிருந்த பத்தியைக் கத்தரித்துக் கூடையில் போட்டு, மேலும் கீழும் இருந்ததை ஒட்டி அனுப்பினேன். கட்டுரை அச்சானது. நீ ஒரு தடவை வாசித்துவிட்டு, "நடுவுல எடுத்ததும் வேற சேதியால்லா ஆயிட்டு" என்றாய். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஈ முதல் மனிதன் வரை உயிர்கள் இப்படித்தான் ஒரு மரபணுவைப் பல விதமாக ஆள்கின்றன என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். வகுப்பில் நானும் அதை நடத்தியிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல். இப்போது வெட்கமாக இருக்கிறது.

துண்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறாய்: "நல்ல ஐஸ் வாங்கி, இவளையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும்."

துண்டு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. அந்த இரண்டு கோடும் உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூடையிலிருந்து அதை எடுத்து வைத்த நீ, மறுபடி சோதித்துப் பார்க்க என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடும்படி நான் நடந்துகொள்ளவில்லை.