தேன்சிட்டு எடுத்த முடி

12.11.78, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். தறிகள் ஓடவில்லை, தெரு அமைதி. அவரைக்கு வேப்பம் பிண்ணாக்கு. மருதாணித் தூரில் பாம்புச் சட்டை. பாம்பு அண்டாதிருக்கக் கோயில் புற்றுமண் கரைத்துத் தெளித்தேன், செண்பகம் செய்வாளே அது மாதிரி. துணிக் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. வேலையெல்லாம் பெட்டைதான். ஆண் பளபளவென்று மேற்பார்வை. இருந்தால், "உங்கள மாதிரியேதான் இருக்கு" என்றிருப்பாள்.

என் பெஞ்சாதி செண்பகம் போய் மூன்று மாதம். சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிக் கொல்லைச் சுவர்ப் பொந்தில் செருகுவாள், முடிக்காரனிடம் கொடுத்து ஊக்கு வாங்க. ஒரு சுருள் இன்னும் அங்கேயே. தினம் பார்ப்பேன். தொடுவதில்லை.

14, செவ்வாய்
பனவடலிசத்திரத்திலிருந்து அக்கா. வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள். கடை விட்டு வந்தால் பொந்து காலி.

"முடிக்காரன் வந்தாம்ல, குடுத்துட்டேன். செத்தவ முடிய வீட்டுல வைக்கலாமா? பாரு, ஒரு அட்டை ஊக்கு தந்திருக்கான்."

கத்திவிட்டேன். அக்காவை இதுவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடைக்காரர்: "அவன் அப்பமே கரிவலம் பஸ்ல ஏறிட்டானே அண்ணாச்சி." நனைந்து திரும்பினேன். சோறு வேண்டாம்.

15, புதன்
அக்கா சொதி வைத்தாள்.

கொடிப் பக்கம் போனேன். கூட்டில், தேங்காய் நாருக்கும் சிலந்தி நூலுக்கும் நடுவே நீள முடி. அவளுடையதேதான், ஊடே நரை. பொந்திலிருந்து சிட்டு முன்னமே உருவியிருக்கிறது. வாளியோடு நின்று அழுதேன். அக்கா வந்து பார்த்தாள். "அய்யோ தம்பி, எனக்குத் தெரியாம போச்சேலே." அவளும் அழுதாள்.

17, வெள்ளி
முட்டாள் நான். ஒரே ஒரு முடி, எனக்கென்று. மெல்லத்தான் இழுத்தேன். முடி கையோடு வந்தது, கூட்டின் அடி பிரிந்து தொங்கிவிட்டது. முட்டை இன்னும் இடவில்லை, அதுவரை தப்பித்தது. சிட்டு வந்தது, சுற்றிச் சுற்றிக் கத்தியது, போய்விட்டது. ஊக்கு அட்டை அலமாரியில். பார்க்கவே பிடிக்கவில்லை.

19, ஞாயிறு
வெயில். அக்கா காலை பஸ்ஸில் ஊருக்கு.

சிட்டு திரும்ப வந்தது. பழைய கூட்டைப் பிய்த்து, நார் நாராக, முடி முடியாக, பக்கத்து வீட்டு மாதுளைக்குக் கொண்டுபோகிறது. எப்படித் தடுக்க? மதியத்துக்குள் கொடியில் ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த அந்த ஒரு முடியைக் கொடியில் சுற்றிவிட்டுக் கொல்லை வாசலில் உட்கார்ந்தேன்.

அதையும் எடுத்துக்கொண்டது.