அடுப்படிக்குக் கேட்டது

இஞ்சாருங்கோ,

புட்டும் சம்பலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். லண்டனில் இருந்து கவுன்சிலிங் செய்கிறவர் பின்னேரம் ஸ்கைப்பில் வருவார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுக்காதேங்கோ.

ஹெட்போன் போட்டால் அவர் சொல்வது மட்டும்தான் எனக்குக் கேட்காது. போன கிழமை நீங்கள் கத்தியதெல்லாம் அடுப்படிக்குக் கேட்டது. செக்பொயின்ரில் சேர்ட்டை உயர்த்தச் சொன்ன ஆமிக்காரன், ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றில் கட்டியிருக்கும் மலப்பையைக் குண்டென்று நினைத்துத் துவக்கை நீட்டினானாம். அதை எனக்கு ஒரு சொல் சொல்லாமல் அன்றிரவே மற்ற அறையில் போய்ப் படுத்தீர்கள். "தவமணிக்கும் என்னைப் பார்க்க அருவருப்பாத்தான் இருக்கும்" என்று ஸ்கைப்பில் அவரிடம் சொன்னீர்கள். என்னைக் கேட்டனீங்களோ?

அந்தப் பை என்னவென்று செக்பொயின்ரில் காட்ட, ஒப்பரேஷன் செய்த டொக்டரிடம் சிங்களத்தில் கடிதம் வாங்கக் கண்டிக்குப் போகிறேன். நான் வரும்வரை வெளியே போகாதேங்கோ.

தவமணி

பி.கு.: மற்ற அறையைப் பூட்டிவிட்டேன். திறப்பு என் கைப்பையில். உங்கள் தலையணை எங்கள் கட்டிலில் கிடக்கிறது.