பதினெட்டு அடிக்கு ஒரு ஸ்பீக்கர்

ஜூன் 2, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என் மனைவி மிலா வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தோஹாவுக்குப் பேசினாள். நான் வழக்கம்போல் அடுக்களையில் கருவாடு பொரித்தேன். மானிட்டருக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் கொசு மாதிரி முனகுகிறது. நின்ஃபா சொன்னதில் ஒரு வார்த்தை விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் எனக்கில்லை. நர்சிங் கடைசி வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஹோட்டலில் கேக் செய்யப் போன மகளோடு நான் பேசுவதில்லை. பதினாலு மாதம் ஆகிறது.

வெளி ஸ்பீக்கர் வாங்கலாம் என்றிருக்கிறேன். பாஸ்கெட்பால் பார்க்க.

ஜூன் 3
மிலாவிடம் சொன்னேன். "உள்ள இருக்கறதே போதும். கிட்ட வந்து உக்காந்தா நல்லாத்தான் கேக்குது" என்றாள். இருபத்தாறு வருடம் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டியைப் பாட்டுப் போட்டு ஓட்டியவன் நான். எனக்கே ஸ்பீக்கர் பாடமா?

ஜூன் 5
டேப் வைத்து அளந்தேன். மானிட்டரிலிருந்து அடுப்படி முக்காலிவரை பதினெட்டு அடி. நடுவே பலகைச் சுவர்.

ஜூன் 8, சனி
இலோயிலோ டவுனுக்குப் போய் வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் நிறையக் கேள்வி கேட்டாள்.

"எங்க உக்காந்து கேப்பீங்க அங்கிள்?"

"அடுக்களைல."

"கம்ப்யூட்டர்?"

"முன்னறைல."

"அப்போ படம் எப்படித் தெரியும்?"

"படம் வேண்டாம்."

இருப்பதிலேயே நீளமான வயர் உள்ளதைக் கொடுத்தாள். ஒன்றை மானிட்டர் பக்கத்திலும் இன்னொன்றைத் தட்டு அலமாரியிலும் வைத்தேன். மிலா அண்ணாந்து பார்த்தாள். "இனிமே பாஸ்கெட்பால் அடுக்களைலயா ஆடுறாங்க, தியோ?"

ஜூன் 9, ஞாயிறு
அவ்வளவு தெளிவு. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. கருவாடு கருகிவிட்டது.

இரண்டு நிமிடம் போயிருக்கும். "அம்மா, என் குரல் எனக்கே திரும்பி வருது. அடுக்களைலேர்ந்து வர்ற மாதிரி இருக்கே?" என்றாள் நின்ஃபா. எனக்கு இருமல் வந்தது. வர வேண்டிய நேரமா அது?

"அப்பாவ மருந்து குடிக்கச் சொல்லும்மா. பதினாலு மாசமா இந்த இருமலக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், குறையவே இல்ல."

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

எனக்குத்தான் அவள் பேசியது கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டர்ல இருக்கற அந்த மைக்கப் பத்தி ஒரு பாவியும் எங்கிட்ட சொல்லலியே — நான் இருமினது, மூக்கச் சிந்தினது, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் — ஐயோ.

ஜூன் 11
மருந்து குடித்தேன். கசப்பு.

ஜூன் 16, ஞாயிறு
வெளி ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். எதிரொலி அடிக்கிறது, இந்த வீட்டுக்கு ஆகாது. உள்ளே இருப்பது சன்னமாகத்தான் பேசும், கிட்டப் போய் உட்கார வேண்டும். மிலா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். முக்காலியை எடுத்துப் போனேன்.

"ஒரு கேக்குக்கு வெண்ணெய் எவ்வளவு போடுவ?" என்று கேட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று மானிட்டரில் காதை வைத்தேன்.

"கால் கிலோப்பா" என்றாள்.

நன்றாகவே கேட்டது.