பன்னிரண்டு சுற்று டேப்

மார்ச் 3, திங்கள்

காலைப் பிரார்த்தனை ஆறு மணிக்கு முடிந்தது. காஸ் சிலிண்டர் மாற்றினேன். போன சிலிண்டர் நாற்பத்தொரு நாள் வந்தது. வீட்டுக்காரர் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

காரணம் தெரிந்ததுதான். சக்களத்திக்கு உடம்பு சரியில்லை. பின்பக்க ஷெட்டில் நிற்கும் சிவப்பு டர்போ காரை நான் அப்படித்தான் சொல்வது. பழைய வண்டி, இரண்டே கதவு, சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆறு வருடத்தில் நான் அதில் ஏறியது இரண்டு தடவை. இரண்டு தடவையும் இறங்கியதும் தலைவலி மாத்திரை.

நேற்று ஒரு நீண்ட வளைவில் ஆயில் விளக்கு மினுக்கியதாம். மெக்கானிக் வந்து என்ஜினிடம் காதைக் கொடுத்துக் கேட்டார். "அண்ணே, இந்த லைட்டு மினுக்குதுன்னா உள்ள பேரிங் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். பிரிச்சா பெரிய வேலை. ஓடுற நிலையில இருக்கும்போதே குடுத்துருங்க."

மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாக வண்டிமேல் கண் வைத்திருந்தார். பதினைந்தாம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

மார்ச் 4, செவ்வாய்

அவரைக் கேட்டேன்: "ஆயில் அழுத்தம் எவ்வளவுன்னு மெக்கானிக் அளந்தாரா?"

"அதான் லைட்டு மினுக்குச்சே."

"சரிங்க. எவ்வளவு?"

எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் நான் ஊற்றியிருந்தேன்.

டாக்டர்கூடக் கையில் பட்டை கட்டிப் பார்க்காமல் மாத்திரை எழுதுவதில்லை. இவர்கள் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டுக் காரியத்துக்கே நாள் குறித்துவிட்டார்கள். நான் கணக்கு எழுதுகிறவள். எண் இல்லாமல் எதையும் கழிக்க மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக வண்டியின் கையேட்டைப் படித்தேன். விஷயம் பெரிதல்ல. இப்போது இருப்பது சாதாரண சுவிட்ச். எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் விளக்கு, இல்லாவிட்டால் இல்லை. எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் 'T' எழுத்து வடிவ டீ இணைப்பு ஒன்றைத் திருக வேண்டும். டீயின் ஒரு கையில் பழைய சுவிட்ச், மறு கையில் ஆயில் பிரஷர் சென்சார். சென்சாரிலிருந்து ஒரு ஒயர் உள்ளே வந்தால் முள் வைத்த கேஜ் எண்ணைக் காட்டும். சமையலறைக் குழாயில் ஃபில்டருக்கு நான் பிரித்துக்கொடுத்த மாதிரிதான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "சாரை அனுப்பியிருக்கலாமே மேடம்" என்றார். சார்தான் அனுப்பினார் என்று சொல்ல வாய்வரை வந்தது. பொய் என்பதால் முழுங்கிவிட்டேன்.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா வண்டியில நீ கை வைக்கிறியா? விட்டுட்டாரா?"

"அவரு டார்ச் பிடிப்பாரு."

"அவருக்கும் ஒரு ஜோடி கையுறை குடும்மா. டென்ஷன்ல நகத்தைக் கடிச்சுத் தின்னுருவாரு."

மார்ச் 8, சனி

கும்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். சுவிட்ச் ஆயில் ஃபில்டருக்கு மேலே, கை நுழையாத இடத்தில் இருந்தது. என் கை சின்னது, நுழைந்தது. கொஞ்சம் எண்ணெய் வழிந்தது. பழைய துணி வைத்துத் தாங்கினேன்.

டீயின் மரையில் வெள்ளை டேப் சுற்றினேன். குழாய்க்கு எட்டுச் சுற்றுச் சுற்றுவேன், பத்து வருடம் சொட்டாது. இது என்ஜின், ஆயிரம் உதறல் இருக்கும் என்று பன்னிரண்டு. சென்சாருக்கும் சுவிட்சுக்கும் அதேபோலத் தாராளமாக.

"போதும்மா, பொட்டலம் கட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

"நீங்க டார்ச்சைப் பிடிங்க."

ஒயரை ரப்பர் வளையம் வழியாக உள்ளே இழுத்து, கேஜைக் கண்ணாடியோரம் பொருத்தியபோது நாலு மணி. சாவியைத் திருகினார். முள் சர்ரென்று பத்துக்குப் போய் நின்றது. முழு அழுத்தம். ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முள் அசையவில்லை. விளக்கும் ஒரு தடவைகூட எரியவில்லை.

வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரருக்குப் போன். "என்ஜின் குதிரை மாதிரி இருக்கு சார். விக்கிற எண்ணம் இல்ல." ராத்திரி சாப்பாட்டில் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

பிரார்த்தனைக் கூடத்தில் நடுவே எண்ணம் சிதறியது. சிதறிய இடம் ஷெட்.

நேற்று முள் பத்துக்குப் போனது சாவியைத் திருகியவுடன். அப்போது என்ஜின் ஓடவே இல்லையே. ஓடாத என்ஜினில் ஏது அழுத்தம்? அந்த நேரத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும் - தினமும் எரியும். அது ஏன் எரியவில்லை?

நல்ல சேதி சொன்ன இரண்டும் பொய் சொல்லியிருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். நாற்பத்தேழாம் பக்கம், சின்ன எழுத்து: சென்சாருக்கும் சுவிட்சுக்கும் தனி எர்த் ஒயர் கிடையாது. மரை இரும்பில் படுவதுதான் எர்த். அது அறுந்தால் விளக்கு எரியாது, முள் கடைசி எண்ணுக்கு ஓடிவிடும். நான் பன்னிரண்டு சுற்று டேப்பைப் போட்டு அதை மூச்சுமுட்ட மூடி வைத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய்க்குக் கரண்ட் தேவையில்லை. இதற்குத் தேவை. ஐயோ, இது தோன்றவில்லையே எனக்கு.

அவர் ஷெட்டில் விசிலடித்துக்கொண்டு கார் துடைக்கிறார். எப்படிச் சொல்வது?

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டார்: "அப்போ அந்தப் பத்து?"

"அது நான் சுத்துன டேப்புங்க. என்ஜின் இல்ல."

"மருந்துக்கடைக்காரர்கிட்ட குதிரைன்னு சொல்லிட்டேனே."

"இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க. அதுதான் நிஜம்."

போன் செய்தார். மருந்துக்கடைக்காரர் சிரித்தாராம். "குதிரையா கழுதையான்னு சனிக்கிழமை நானே வந்து பாத்துக்கறேன்" என்றாராம்.

மார்ச் 12, புதன்

எல்லா டேப்பையும் உரித்தேன். ஊசியால் மரை மரையாகச் சுத்தம் செய்தேன். ஒன்றரை மணி நேரம். நுனியில் இரண்டு மரையை வெறுமையாக விட்டு, மிச்சத்தில் ஒரே சுற்று. இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கும் டெஸ்டரின் ஒரு முனை சென்சாரின் உடம்பில், இன்னொன்று என்ஜினில் - பீப். எர்த் வந்துவிட்டது.

இன்னும் சாவி போட்டுப் பார்க்கவில்லை. அவர் நாளைக்கு என்றார். நானும் சரி என்றேன். இரண்டு பேருக்கும் பயம்.

ஒரு எண்ணுக்காகப் பிரார்த்திக்கலாமா? எண் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நான் கேட்டு மாறப்போவதில்லை. அதனால் அதைத் தாங்கும் தெம்பைக் கேட்டேன். எண்ணையும் லேசாகக் கேட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சாவி: முள் பூஜ்யம், விளக்கு எரிந்தது. உண்மை பேசுகின்றன.

ஸ்டார்ட்: நாலரை 'பார்' (அழுத்தத்துக்கு அதுதான் அளவு).

அந்த வளைவுக்கே போனோம். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், முள்ளைப் பார்க்க ஆள் வேண்டுமே. நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் சூடாகட்டும் என்று சுற்றிவிட்டு வளைவில் திருப்பினார். விளக்கு மினுக்கியது. அவர் முகம் செத்துவிட்டது.

"எவ்வளவு?"

"நாலு."

"எத்தனை?"

"நாலுங்க. ஆடவே இல்ல. விளக்குதான் ஆடுது."

இன்னும் ஐந்து தடவை அதே வளைவு. விளக்கு நாலு தடவை மினுக்கியது. முள் நாலுக்குக் கீழே இறங்கவில்லை. வண்டியை நிறுத்தி, என்ஜினை மட்டும் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒன்றரை. ஒன்று இருந்தாலே போதும் என்கிறது கையேடு. தேய்ந்தது பேரிங் இல்லை, பழைய சுவிட்ச்.

மார்ச் 14, வெள்ளி

என் கைவேலையை ஒரு தடவை நம்பி ஏமாந்தாயிற்று. அதனால் மெக்கானிக்கை வரச்சொல்லி அவருடைய கேஜையும் மாட்டச் சொன்னேன். அதே எண். தலையைச் சொறிந்தார். "அக்கா, நான் காதை நம்புனேன்."

"நான் டேப்பை நம்புனேன் தம்பி. காபி குடிங்க."

புது சுவிட்ச் போட்டாயிற்று. மினுக்கல் இல்லை.

மார்ச் 15, சனி

மருந்துக்கடைக்காரர் வந்தார். நோட்டை நீட்டினேன், டேப் விஷயம் உட்பட. முழுவதும் படித்துவிட்டு, "இவ்வளவு பாத்துக்கற வீட்டுலேருந்து நான் வண்டியைக் கொண்டுபோனா பாவம்மா" என்று வெறுங்கையோடு போனார். அவருக்கு வருத்தம்தான், தெரிந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிரார்த்தனை முடிந்து ஏரிச் சாலை. போகும்போது அவர் ஓட்டினார், நான் எண் சொன்னேன். திரும்பும்போது, "நீ ஓட்டு, நான் சொல்றேன்" என்றார். லைசென்ஸ் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது.

"நாலு... நாலு... நாலேகால்..." அப்புறம் சத்தமில்லை.

"என்னாச்சு, முள்ளு இறங்குதா?"

"முள்ளு சரியாத்தான் இருக்கு. நீதான் தொண்ணூறுல போற."

"தெரியும். எனக்கு முன்னாலயும் ஒரு முள்ளு காட்டுது."

வீடு வந்து சேர அரை மணி கூடுதல் ஆனது. வழி தவறவில்லை. பாலத்தடியில் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பாமல் நேரே விட்டது நான்தான்.