நவரை நடவில் ஒரு படம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
9 ஜூன் 2025

அன்புள்ள அலெக்சாந்த்ராவுக்கு,

நலமா? லியோனில் வெயில் தொடங்கிவிட்டதா? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

பயிர் வைக்கிறவர்களுக்கான நெல் மானியத்தை வாங்கியவர்களின் பெயர்களை எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும் என்று நாங்கள் சிலர் மனு கொடுத்திருந்தோம். போன வாரம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். பிறகுதான் படித்தேன். தவளக்குப்பத்துக்கு மேற்கே, என் அப்பா இருபது வருடமாகக் குத்தகைக்கு உழும் உங்கள் நிலத்துக்கு நேராக, 'சாகுபடி செய்பவர்' என்ற இடத்தில் உன் பெயர். பிரான்சில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் உன் பெயர்.

யாரோ பொய்யாக எழுதிவிட்டார்கள் என்று வேளாண் அலுவலகத்தில் சண்டை போட்டேன். கிளார்க் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "வயல்ல நிக்கிற போட்டோவே இருக்கும்மா. இன்னா டவுட்டு ஒனக்கு?"

பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, என் அப்பாவின் துண்டைத் தலையில் கட்டி, கையில் நாற்றுமுடியோடு இளித்துக்கொண்டு நிற்கிறாய். கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, நவரை நடவில், "எடுடி, அங்க ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டணும்" என்றாய். எடுத்தது நான்.

அடுத்த மாதம் கூட்டம் போட்டு, பட்டியலில் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். உனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு வரி எழுது. போதும்.

உன்
வினோதா


லியோன்
24 ஜூன் 2025

என் செல்ல வினோதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும். என் பப்பா படம் கேட்டார், அனுப்பினேன். பட்டா என் பெயரில். குத்தகையோ வெறும் வாய்ப்பேச்சு. ஊரில் எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்? இங்கே எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மானியம் என்று இன்டர்நெட்டிலேயே போடுகிறார்கள். அதற்காக யாரும் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை.

உன் அப்பா கண்ணையன் மாமாவுக்கும் தெரியும். துண்டை அவிழ்த்துக் கொடுத்ததே அவர்தான். கேட்டுப் பார்.

பப்பா கொதித்துப்போயிருக்கிறார். நம் பெயர் சந்தி சிரித்தால் நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். அவர் பத்திரத்தை நீட்டினால் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான். கூட்டத்தில் எழுந்திருக்காதே, செல்லம். மாமாவுக்காகவாவது.

முத்தங்களுடன்,
அலெக்சாந்த்ரா


புதுச்சேரி
18 ஜூலை 2025

அலெக்சாந்த்ரா,

கேட்டேன். அப்பா பீடியைக்கூட அணைக்கவில்லை. "நெலம் அவங்களுது. துண்டுதான் என்னுது. அதுல ஒனக்கு இன்னா போச்சி?" என்றார்.

நேற்று கூட்டம். எழுந்து உன் பெயரைச் சொன்னேன். "அப்போ அங்க பயிர் வெக்கிறது யாரு?" என்றார் அதிகாரி. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணுதான் சார். நான் கூலி ஆளு" என்றார் அப்பா.

"பிளேன்ல வந்து களை எடுக்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். "போட்டோ எடுத்ததே எம்பொண்ணுதான் சார். அதையே கேளுங்க."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். "நெலம் போயிட்டா நான் எங்க போவேன், நீயே சொல்லு." இருபது வருடம் உழுதவர் இப்படிக் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். நான் உனக்கு அனுப்பியது முழுப்படம். உனக்குப் பின்னால் அப்பா குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார், துண்டில்லாத தலையோடு. கோப்பில் அவர் இல்லை. உன் தோளை ஒட்டி வெட்டியிருக்கிறாய். அவசரத்தில் அவர் முழங்கை ஒன்று மட்டும் மிச்சம். அவர் பயந்து பொய் சொன்னார். உனக்கு என்ன பயம்?

முழுப்படத்தை அலுவலகத்துக்கும் பேப்பர்காரர்களுக்கும் அனுப்பப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். நிலம் போகும் என்றும் சொன்னேன். அவர் போனை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நானும் இருக்கேனா இதுல?" என்றார்.

அனுப்பிவிட்டேன்.

வினோதா