கொடைக்கானல் வசந்தாவும் பக்கத்து வீட்டுப் பூங்காவனமும்

வெள்ளி, மாசி 3

மூடுபனி. எதிர் வரிசை க்வார்ட்டர்ஸ் தெரியவில்லை. அவருக்குச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட். இருட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய்ய வேண்டியது: மிளகாய் காயவைக்க, அம்மாவுக்குக் கடிதம், தலையணை உறை. செய்தது: ஒன்றுமில்லை. வாரப் பத்திரிகை வந்துவிட்டது.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் (இனி பூ., பெயர் நீளம்). காடாம்புலியூர்க்காரி. மச்சினருடைய க்வார்ட்டர்ஸில் புருஷனோடு ஒண்டிக் குடித்தனம். படிக்கத் தெரியாது. தொடர்கதையை நான் சத்தமாகப் படிப்பேன், அவள் முந்திரிப் பருப்புத் தோலை உரித்துக்கொண்டே கேட்பாள். இந்த வாரம் வசந்தா கொடைக்கானல் ஏரிக்கரையில் நிற்கிறாள். காதலன் ரகு கப்பலில் திரும்பி வருவானா என்று யோசிக்கிறாள். அத்தியாயம் முழுக்க அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்தது.

பூ.: "என்னாக்கா இது, போன வாரமும் ஏரிகிட்டதான நின்னுகினு இருந்தா? வூட்டுக்கே போவமாட்டாளா?"

சிரித்து விக்கல். அவள் போன பிறகும் நான் ஏரிக்கரையிலேயே. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

ஞாயிறு, மாசி 5

நேற்று வடலூர் டென்ட் கொட்டகை. நாங்கள் இருவர், அவர்கள் இருவர். மணல் தரை, பீடிப் புகை. ரீல் மாற்றும்போதெல்லாம் முறுக்கு. கதை சுமார். வில்லன் மீசை ஒரு பக்கம் ஒட்டவில்லை. ஆனால் அந்தப் பனிமலைப் பாட்டு! இப்போதும் கண்ணை மூடினால் வெள்ளை வெளேர்.

பூ. என் காதில், "அது இன்னாக்கா, உப்பா?"

"பனிடி. அந்த ஊரில் அப்படித்தான் கொட்டும்."

"செருப்புகூட இல்லாம பாடிகினு இருக்காளே, காலு வெறைச்சிப் போவாது?"

பின்னாலிருந்து ஒருவர்: "யம்மா, கொஞ்சம் படத்தப் பாக்க வுடுங்கம்மா."

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் பூ. சொன்னாள். "அவருக்கு வடக்க இரும்பு பேக்டரில வேலை கெடச்சிருக்குதுக்கா. பெர்மனென்டாம். வர்ற சனிக்கெழம கெளம்பறோம்." இங்கே காண்ட்ராக்ட் முடிகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். "ரொம்ப நல்லதுடி" என்றேன். பாவி, படத்துக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இல்லை. சொல்லாததே நல்லது. அந்தப் பாட்டாவது மிஞ்சியது.

புதன், மாசி 8

வெயில் ஆரம்பம். கொடியில் போட்ட வேட்டி மேல் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரித் தூசி. திரும்பத் துவைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம்.

பூ. அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தாள். "அங்க தமிழு படிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்களாக்கா?"

"யாராவது இருப்பாங்க. புத்தகம் கிடைக்கணுமே."

"அப்ப வசந்தா கதை என்னாவறது? அந்த ஆளு வந்தானா, நடுக்கடல்ல செத்தானான்னு தெரியாம நான் எப்படிக்கா போவறது?" சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். தெரியாத ஊர், புரியாத பாஷை, அதற்கெல்லாம் அழாதவள் இந்தக் கதைக்கு அழுகிறாள்! எனக்கும் தாங்கவில்லை.

அவரிடம் சொன்னேன். "கதைதானே" என்றார். கதைதானாம்! இன்றைக்கு அப்பளம் கிடையாது.

இந்த எழுத்தாளர் மனிதர்தானா? ஒரு கப்பலைக் கரையில் சேர்க்க எத்தனை வாரம்?

வெள்ளி, மாசி 10

பத்திரிகை. வந்ததும் தனியாகப் படித்துப் பார்த்தேன். கப்பல் இன்னும் ஏடன் துறைமுகத்தையே தாண்டவில்லை. வசந்தா ஏரிக்கரை.

மத்தியானம் பூ. வந்தாள். கையில் முந்திரி இல்லை, சும்மா உட்கார்ந்தாள். பக்கத்தைப் பிரித்து, போட்டிருந்தபடியே கொஞ்சம் படித்தேன். பிறகு துணிந்துவிட்டேன். கண் பக்கத்தில், வாய் என் இஷ்டத்துக்கு. கப்பலைக் கரை சேர்த்தேன். ரகுவை ரயிலேற்றி, மலைப் பாதையில் பஸ் ஏற்றி, ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தேன். வசந்தா திரும்பிப் பார்க்கிறாள். கொடைக்கானலில் வெள்ளைப் பனியே கொட்ட வைத்துவிட்டேன். எழுதியவனே இப்படி உருகியிருக்க மாட்டான். கல்யாணம். "சுபம்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடப்போனேன்.

பூ. தடுத்தாள். கடைசி வரிக்குக் கீழே ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது இருக்குதேக்கா."

"எது?"

"தொடரும்னு. வாராவாரம் இது வந்தாதான நீங்க நிறுத்துவீங்க. பாத்துப் பாத்து இந்த எழுத்து மட்டும் எனக்குத் தெரியும்."

முகம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு எப்படி வேணா எழுதிகினு போவட்டும். எனக்கு நீங்க சொன்னதுதாங்க்கா."

எழுந்து போய்விட்டாள். நான் விளக்குப் போடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

சனி, மாசி 11

மூட்டம். விருத்தாசலம் பஸ். மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். அவள் புருஷன் ஸ்டவ்வை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. புளியோதரைப் பொட்டலம் கொடுத்தேன். கண்டக்டர் விசில்.

ஜன்னல் வழியே பூ. தலையை நீட்டினாள். "அக்கா, வசந்தாவுக்குக் கொழந்த பொறந்தா ஒரு கடுதாசி போடுங்க. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

பஸ் போய்விட்டது. பெண் குழந்தையாக இருக்கட்டும்.